எண்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றுநான்கு

இரும்பு விலைக்குத்தான் வாங்கினேன்.
சீனன்குடா வீதியில் ஜுனைதீனின் தராசு
நூற்று அறுபத்தெட்டுக் கிலோ என்றது.
தாங்கிக்குள் கிடக்கிற தண்ணிக்கும் காசோ என்றேன்.
கவிழ்த்துக் காட்டினார்: துரு, ஒரு செத்த பல்லி.
அரைக் கிலோ குறைந்தது.

நான் தையல் மெஷின் திருத்துகிறவள்,
ஊசியின் நடையைக் காதால் பார்க்கிறவள்.
இதற்குள்ளும் ஏறி இறங்க ஒன்றே ஒன்றுதான்:
எண்பத்திரண்டு மில்லிமீற்றர் அகலம்,
தொண்ணூற்றுநான்கு மில்லிமீற்றர் நடை.
தம்பியின் யப்பான் சைக்கிள்
நூறு வார்த்தை பேசி முடிப்பதற்குள்
இது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு
யோசிக்கும்.

வால்வுகளைத் தலையில் வைக்காமல்
இடுப்பில் செருகியிருக்கிறார்கள்.
தலை வெறும் மூடி.
வேகம் வராது, கெட்ட பெற்றோலுக்குக் கோபமும் வராது.
வரைந்தவன் அதைத்தான் நினைத்திருப்பான்:
பாலைவனமோ பர்மாச் சேறோ
கிடைத்ததைக் குடித்துக்கொண்டு
ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

நீலத்தைச் சுரண்டினால் கறுப்பு,
கறுப்பைச் சுரண்டினால் சிவப்பு.
சிவப்பு ரொசைரோவுடையது.
ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது
ஏலத்தில் எடுத்தவர்,
உவர்மலை ஏற்றத்தில் பெண்சாதியை இறக்கி
நடக்கவிட்டு ஏறியவர்.
சிவப்பின் கீழே காக்கிப் பச்சை.
எண்ணெய்ப் பெட்டியின் பக்கத்தில்
ஒன்றில் ஒன்று சாய்ந்த மூன்று துவக்குகளின் முத்திரை
இருந்த இடம்.
துவக்குக் கொம்பனி செய்த சைக்கிள் இது.
எண்பத்தைந்தில் ஜுனைதீனின் வாப்பா
அரத்தால் ராவி எடுத்துவிட்டார்.
துவக்குப் படம் வைத்திருப்பவனிடம்
துவக்கு வைத்திருப்பவன் என்ன கேட்பான் என்று
அவருக்குத் தெரிந்திருந்தது.

எந்தச் சாவியும் பிடிக்கவில்லை.
பன்னிரண்டு ஏறாது, பதின்மூன்று வழுகும்.
போனவர்கள் நட்டுகளை விட்டுவிட்டுச்
சாவிகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.
பன்னிரண்டின் வாயை இரண்டு நாள் அராவினேன்.

பூட்டி முடித்த கிழமைதான்
நாடே வரிசையில் நின்றது.
உட்துறைமுக வீதியில் உருட்டிக்கொண்டு வந்து
நானும் நின்றேன், விடியற்காலை நாலரைக்கு.
குடாவுக்கு அப்பால் காட்டுக்குள்
தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள்,
இதைக் கொண்டுவந்தவர்களே கட்டியவை,
பெரும்பாலும் வெறும் வயிறு.
மான் ஒன்று வரிசைக்குள் புகுந்து
யாரோ விரித்துப் படுத்த கடதாசிப் பெட்டியைத் தின்றது.

ஷெட்டில் நின்ற பொடியன் போனைப் பார்த்தான்.
இயந்திரத்தில் ஒரு இலக்கம், சட்டத்தில் இன்னொன்று.
எது அக்கா சரி?
என் பிறப்புப் பத்திரத்தில் மூதூர்,
அடையாள அட்டையில் நிலாவெளி.
இரண்டும் நான்தான், தம்பி.
இதுக்குள்ள ரெண்டு பெட்டி இல்லை அக்கா என்றான்,
பாவம், உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு.

பையில் ஒரு போத்தல் இருந்தது,
மெஷின் துடைக்க வைத்தது:
முக்கால் மண்ணெண்ணெய், கால் பெற்றோல்.
ஊற்றினேன்.
காபரேற்றரைக் கிள்ளு, விரல் நனையும்வரை.
பொறியைக் கொஞ்சம் பிந்த வை.
காற்று இறுகி நிற்கும் இடத்தைப் பாதத்தால் தேடு.
இடக்கை நெம்பைப் பிடித்து அந்த மூச்சை விடு,
இன்னும் ஒரு அங்குலம்.
இனி முழு உடம்பையும் போடு.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதைத் திருப்பி எனக்கே தந்தது,
கணுக்காலில்.
மூன்றாவதற்கு
வெடித்தது.

வரிசையில் நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும்
நிலத்தில் இருந்தோம்.
எனக்குப் பின்னால் நின்ற பாங்க் மனேச்சர்
தன் பைலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.
இருபது வயதுகள் நின்றபடி சிரித்தன.
பிறகு ஒருவருக்கொருவர் பார்த்து
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
போனை எடுத்தன.
மான் போய்விட்டது.

மண் தட்டி எழுந்து
நாலாவது தரம் உதைத்தேன்.
டம்.
யோசித்தது.
டம்.

வீட்டுக்குப் போகும்வரை ஓடியது.
இலக்கம் இன்னும் தீரவில்லை;
செவ்வாய்க்கிழமை கச்சேரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்,
இரண்டு பத்திரத்தையும் கொண்டு.